நீராவி விட்டுத் தண்ணீர் சூடாக்கும்போது சத்தத்தையும் அதிர்வையும் குறைப்பது எப்படி?

முதல் முறையாக நீராவி வால்வைத் திறக்கும் ஆள் பெரும்பாலும் பயந்துபோய் உடனே மூடிவிடுவார். அதில் தப்பே இல்லை. தொட்டிக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் ஒரு சத்தம் வரும், காலடியில் தரை அதிரும், குழாய் அதன் தாங்கியில் துள்ளும். பக்கத்தில் நிற்கும் அனுபவசாலி "போகப் போகப் பழகிடும்" என்பார். தயவுசெய்து பழக்கிக்கொள்ளாதீர்கள். இன்றைக்குச் சத்தமாகக் கேட்பதுதான் நாளைக்குப் பிளாஞ்சில் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டில்) கேஸ்கெட் பிதுங்குவது, பற்றவைத்த இடம் விரிவது, கடைசியில் யார் மேலாவது கொதிநீர் அடிப்பது என்று முடியும்.

தண்ணீருக்குள் நீராவியை நேராக விட்டுச் சூடாக்கும் அமைப்புகளைப் பற்றித்தான் இங்கே முக்கியமாக எழுதுகிறேன். கழுவும் தொட்டி, பாய்லருக்குப் போகும் தண்ணீர்த் தொட்டி, சுத்தம் செய்வதற்கான வெந்நீர்த் தொட்டி எல்லாம் இந்த வகைதான். சுருள் குழாய் வைத்துச் சூடாக்கும் அமைப்பைப் பற்றிக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

சத்தம் எங்கே பிறக்கிறது

அடுப்பில் வைத்த கெட்டில் கொதிப்பதற்குச் சற்று முன்பு உறுமும், கொதித்ததும் அடங்கும். கவனித்திருப்பீர்கள். அடியில் உண்டாகும் ஆவிக் குமிழ்கள் மேலே ஏறும்போது ஆறிய தண்ணீரில் பட்டு அப்படியே நசுங்கிப்போவதால் வரும் சத்தம் அது. தண்ணீர் முழுக்கக் கொதிநிலைக்கு வந்துவிட்டால் குமிழ்கள் நசுங்குவதில்லை, மேலே வந்து உடைகின்றன. அதனால் சத்தம் குறைகிறது. இயற்பியலாளர் ரேலே பிரபு 1917-ல் குமிழ் நசுங்கும்போது பிறக்கும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த யோசனைக்கு அவரைக் கொண்டுபோனதே இந்தக் கெட்டில் சத்தம்தான்.

உங்கள் தொட்டியிலும் நடப்பது இதேதான், அளவு மட்டும் பெரிது. சாதாரண காற்றழுத்தத்தில் 1 கிலோ நீராவி ஏறக்குறைய 1,670 லிட்டர் இடத்தை அடைக்கிறது. அது குளிர்ந்து தண்ணீரானால் 1 லிட்டர். ஒரு குமிழ் திடீரெனக் குளிர்ந்தால் அது இருந்த இடம் வெற்றிடமாகிவிடும். சுற்றியுள்ள தண்ணீர் நாலாபக்கமும் இருந்து பாய்ந்து வந்து நடுவில் மோதும். குமிழ் கடுகளவு என்றால் 'பொரபொர' என்று கேட்கும். பானை அளவு என்றால் தொட்டியே குலுங்கும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வேலையும் இரண்டு விஷயத்தில் அடங்கும். குமிழ்களைச் சின்னதாக்க வேண்டும். நீராவியும் தண்ணீரும் தொட்டிக்குள்ளே சந்திக்க வேண்டும், குழாய்க்குள்ளே சந்திக்கவே கூடாது.

கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் காதைக் கொடுங்கள்

காதடைப்பான் போட்டுக்கொண்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்று, ஒரு முழுச் சுற்று சூடாக்குவதைக் கேளுங்கள். எந்த நேரத்தில், எத்தனை டிகிரியில், எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் நேராகக் குழாயை மாற்றியவர்கள் பலர், சத்தம் போகாமல் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வால்வைத் திறந்த சில நொடிகளிலேயே 'டங், டங்' என்று இரும்பில் அடிப்பதுபோல் ஒன்றிரண்டு அடி விழுந்து, அப்புறம் அடங்கினால் குழாய்க்குள் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அதுதான் வாட்டர் ஹாமர். எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே.

சூடாக்கும் நேரம் முழுக்கத் தொட்டியிலிருந்து 'தொம், தொம்' என்று தாளம்போல் வந்தால், குமிழ்கள் பெரிதாக உருவாகி நசுங்குகின்றன. வாய் திறந்த குழாயை அப்படியே தண்ணீருக்குள் இறக்கிவைத்த இடங்களில் இதைக் கேட்கலாம்.

தண்ணீர் வேண்டிய சூட்டை நெருங்கும்போது மட்டும் அடி விழுந்தால், கட்டுப்பாட்டு வால்வு கொஞ்சமாகத் திறந்து நீராவி போதாமல் இருக்கிறது. நீராவிக் குழாயின் துளைகள் வழியே தண்ணீர் உள்ளே ஏறுகிறது, நீராவி அதைத் தள்ளுகிறது, மறுபடி ஏறுகிறது.

தொட்டி அமைதியாக இருந்து வால்வு மட்டும் விசில்போல் கத்தினால், அங்கே அழுத்தம் ஒரேயடியாக விழுகிறது. இது நீராவியின் வேகத்தால் வரும் சத்தம், தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எல்லா நேரமும் சீராகப் பொரிகிற சத்தம் வந்தால் நல்லது. நேரடியாக நீராவி விடும் தொட்டியில் அதைச் சுத்தமாக ஒழிக்க முடியாது, குறைக்கலாம்.

முதலில் நீராவிக் குழாயைத் தண்ணீர் இல்லாமல் வையுங்கள்

தொட்டிக்குள் என்ன மாற்றம் செய்தாலும், வரும் நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து வந்தால் சத்தம் போகாது. நொடிக்கு 25 மீட்டர் வேகம் என்பது நீராவிக் குழாயில் சாதாரணம். அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். குழாயில் தேங்கிய 2 லிட்டர் தண்ணீரை நீராவி அந்த வேகத்தில் உருட்டிக்கொண்டு போய் ஒரு எல்போவில் (குழாய் வளைவில்) மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 2 கிலோ கல்லை ஓடும் காரிலிருந்து எறிவதுபோலத்தான்.

குழாய், நீராவி போகும் திசையில் சரிந்திருக்க வேண்டும். 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு போதும். நடுவில் தாங்கி இறங்கிக் குழாய் தொய்ந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலே தெரிந்துவிடும். கட்டுப்பாட்டு வால்வுக்கு முன்னால், கீழ்நோக்கி ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து, அதன் அடியில் ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி) இருக்க வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் குளிர்ந்து சேரும் தண்ணீர் அங்கே வடிந்துவிடும். இந்த டீயைக் குழாயின் அளவிலேயே போடுங்கள். 40 மி.மீ. குழாயின் அடியில் 15 மி.மீ. துளை போட்டு டிராப் மாட்டினால், ஓடுகிற தண்ணீர் அந்தச் சின்னத் துளையைத் தாண்டிப் போய்விடும்.

குழாயில் வரும் தூசியைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரின் வடிகட்டிப் பை கீழே தொங்கும்படி மாட்டுவது வழக்கமான தவறு. நீராவிக் குழாயில் அந்தப் பை பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஒரு தண்ணீர்க் குட்டை. குழாயின் அளவைக் குறைக்கும் இடத்திலும் இதே கதை. நடுவில் சுருங்கும் ரிடியூசர் போட்டால் அடியில் படிபோல ஒரு தடுப்பு உண்டாகி அதற்குப் பின்னால் தண்ணீர் நிற்கும். அடிப்பக்கம் நேராக இருக்கும் ரிடியூசர்தான் வேண்டும்.

நீராவியை நிறுத்திய பிறகு நடப்பது

புதிதாக வருபவர்கள் யாரும் சந்தேகப்படாத இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை பழகிய இடத்தில் ஒரு தொட்டி இருந்தது. மேலிருந்து ஒரு குழாய் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கும். காலையில் முதல் தடவை சூடாக்கும்போது எந்தத் தொல்லையும் இருக்காது. ஒரு மணி நேர இடைவேளைக்குப் பிறகு மறுபடி திறந்தால் இடி விழுந்ததுபோல் அடிக்கும். காலையில் இல்லாதது மதியம் ஏன் வருகிறது என்று பல நாள் மண்டையைக் குடைந்தோம். ஒரு நாள் இடைவேளையின்போது, நீராவியை இரண்டு இடத்தில் மூடிப் பூட்டிவிட்டு, குழாய் ஆறியதும் தொட்டிக்கு மேலே இருந்த பிளாஞ்சின் போல்ட்டுகளை மெல்லத் தளர்த்தினோம். 'ஸ்ஸ்' என்று அது காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி, குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கும் சத்தம் கேட்டது. தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் இருந்த குழாயில் தண்ணீர் நின்றிருக்கிறது!

காரணம் இதுதான். வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே வெற்றிடம். உறிஞ்சுகுழலில் இழுப்பதுபோலத் தொட்டித் தண்ணீர் மேலே ஏறுகிறது. முழு வெற்றிடம் என்றால் 10 மீட்டர் உயரம் வரைகூட ஏறும். 50 மி.மீ. குழாயில் 1 மீட்டருக்கு 2 லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும். அடுத்த முறை வால்வைத் திறந்தால் நீராவி முதலில் சந்திப்பது அந்தத் தண்ணீரைத்தான், அதுவும் குழாய்க்குள்ளே. காலையில் தொல்லை இல்லாததற்குக் காரணம், இரவு முழுக்க வால்வின் கிளாண்டு (தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போய் வெற்றிடத்தை உடைத்துவிட்டது.

இதற்கு மருந்து வேக்குவம் பிரேக்கர் என்கிற சின்ன வால்வு. உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடியிருக்கும், வெற்றிடம் வந்தால் திறந்து காற்றை விடும். கட்டுப்பாட்டு வால்வுக்குப் பின்னால், தொட்டியின் அதிகபட்சத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, குழாயின் உச்சியில் நிமிர்த்தி மாட்டுங்கள். நீராவியின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். பாய்லர் பக்கம் தொட்டித் தண்ணீர் போகாமல் தடுக்க அதுவும் வேண்டும்தான். ஆனால் அதற்குக் கீழே உள்ள குழாயில் வெற்றிடம் வருவதை அது தடுக்காது. இரண்டும் இருப்பதே சரி.

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய அனுமதி உண்டு என்று யாராவது சொன்னால், நான் வேக்குவம் பிரேக்கரைத்தான் கேட்பேன்.

எவ்வளவு நீராவி வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

கணக்கு என்றதும் தாவிப் போய்விடாதீர்கள், கூட்டல் பெருக்கல்தான். 1,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும், அரை மணி நேரத்தில். 1 கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.19 கிலோஜூல். ஆக 1,000 × 50 × 4.19 = 2,09,500 கிலோஜூல். கேஜில் (அழுத்தமானியில்) 3 பார் காட்டும் நீராவி 1 கிலோ, 80 டிகிரித் தண்ணீராக மாறும்போது சுமார் 2,400 கிலோஜூலைக் கொடுத்துவிடும். வகுத்தால் ஏறக்குறைய 87 கிலோ. அரை மணியில் 87 என்றால் மணிக்கு 174 கிலோ.

தொட்டியும் சூடாக வேண்டும், மேற்பரப்பிலும் சூடு போகும் என்பதால் இதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இந்த எடுத்துக்காட்டில் 174-ஐயே வைத்துக்கொள்வோம்.

3 பாரில் 1 கிலோ நீராவியின் பருமன் 462 லிட்டர். 25 மி.மீ. குழாயில் விட்டால் வேகம் நொடிக்கு 40 மீட்டர், அது கத்தும். 40 மி.மீ. குழாய் என்றால் 17 மீட்டர், வசதி. ஆனால் கட்டுப்பாட்டு வால்வைத் தாண்டியதும் அழுத்தம் 1 பாருக்கு இறங்கினால் நீராவி விரிந்து கிலோவுக்கு 885 லிட்டராகிவிடும். அதே 40 மி.மீ. குழாயில் இப்போது வேகம் 32 மீட்டர். 50 மி.மீ. போட்டால் 20-க்குள் வந்துவிடும். வால்வுக்குப் பின்னால் குழாயை ஒரு அளவு கூட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பலர் எதிர்மாறாகச் செய்கிறார்கள்: வால்வு வரை பெரிய குழாய், அப்புறம் தொட்டிக்குள் சின்னக் குழாய். வால்வு விசிலடித்தால் முதலில் இதைப் பாருங்கள்.

வரும் அழுத்தமே 7, 8 பார் என்றால், ஒரே வால்வில் எல்லாவற்றையும் இறக்காதீர்கள். முன்னால் ஒரு அழுத்தக் குறைப்பு வால்வு வைத்து 3 பாருக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் கட்டுப்பாட்டு வால்வுக்கு விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நேரான குழாய் கொஞ்ச தூரம் இருக்கட்டும். குறைப்பு வால்வுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு வால்வும் கட்டாயம்.

துளைக்குழாய்: வேலையின் நடுப்புள்ளி

வாய் திறந்த குழாயை எடுத்துவிட்டு, முனை அடைத்து, பக்கங்களில் சின்னச் சின்னத் துளை போட்ட குழாயைத் தொட்டியின் அடியில் படுக்கவைப்பது. இதைத்தான் ஸ்பார்ஜர் என்கிறோம். ஒரு பெரிய குமிழுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான சின்னக் குமிழ்கள்.

இதன் அருமை தெரிய அணுமின் நிலையம் வரை போகலாம். 1972-ல் ஜெர்மனியின் வூர்காசென் நிலையத்தில் ஒரு நீராவி விடுவிப்பு வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. வாய் திறந்த குழாய்கள் வழியாக நீராவி பெரிய தண்ணீர்க் குளத்துக்குள் பாய்ந்துகொண்டே இருந்தது. குளத்தின் சூடு ஏற ஏற அதிர்வு கூடி, குளத்தின் அடிப்பகுதியே சேதமானது. அதற்குப் பிறகு அந்த வகை உலைகளில் குழாய் முனையில் நிறையச் சின்னத் துளைகள் கொண்ட அமைப்பை வைக்க ஆரம்பித்தார்கள். உங்கள் தொட்டியில் நீங்கள் செய்யப்போவதும் அதே வைத்தியம்தான்.

துளையின் அளவு 3-லிருந்து 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். துளைக்குழாய்க்குள் கேஜ் அழுத்தம் 1 பார் இருந்தால், 4 மி.மீ. துளை ஒன்று தோராயமாக மணிக்கு 10 கிலோ நீராவியை விடும். நமக்கு 174 கிலோ வேண்டும். ஆக 18 துளை. 3 மி.மீ. துளை என்றால் 30-க்கு மேல் போட வேண்டியிருக்கும். சத்தம் இன்னும் குறையும், ஆனால் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நான் 4 மி.மீ.யைத்தான் விரும்புவேன்.

எல்லாத் துளைகளின் பரப்பையும் கூட்டினால் குழாயின் உள்பரப்பைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். 18 துளைக்கு 226 சதுர மி.மீ., 50 மி.மீ. குழாயின் உள்பரப்போ 2,000-க்கு மேல். இப்படி இருந்தால்தான் முதல் துளையிலும் கடைசித் துளையிலும் ஒரே அளவு நீராவி வரும். துளை அதிகமாகிவிட்டால் ஒரு பக்கம் நீராவி வெளியே போகும், மறுபக்கம் தண்ணீர் உள்ளே வரும். "எதற்கும் இருக்கட்டும்" என்று பத்துத் துளை கூடுதலாகப் போடுவது நல்ல எண்ணம்தான், ஆனால் சத்தத்தைக் கூட்டிவிடும்.

துளைகள் நேர் மேலேயோ நேர் கீழேயோ பார்க்க வேண்டாம். கடிகார முள்ளில் 4 மணி, 8 மணி காட்டும் திசையில், இரு பக்கமும் சரிவாகக் கீழ்நோக்கிப் போடுங்கள். பக்கத்துக்கு 9 துளை, 100 மி.மீ. இடைவெளி. நெருக்கமாகப் போட்டால் பக்கத்துப் பக்கத்துக் குமிழ்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். முனையில், குழாயின் அடிப்பகுதியில், ஒரே ஒரு துளை நேர் கீழாக வையுங்கள். குழாயில் தேங்கும் தண்ணீரை நீராவி அதன் வழியே வெளியேற்றும். துளை போட்ட பிறகு உள்ளேயும் வெளியேயும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

1.2 மீட்டர் நீளத் தொட்டியில் 900 மி.மீ. துளைக்குழாய் போதும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நீராவி நேராகச் சுவரில் அடித்தால் குமிழ்கள் அங்கேயே நசுங்கித் தகட்டை அரிக்கும், மெல்லிய தகடு மத்தளம்போல் ஒலிக்கும். வெப்பமானியின் முனையும் மிதவையும் நீராவி போகும் பாதையில் இருக்கக் கூடாது. ஆழம் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது, குமிழ் மேலே வருவதற்குள் குளிர்ந்துவிட வேண்டும். சூடாகும்போது தண்ணீரின் மேல் பெரிய குமிழ்கள் வந்து உடைந்தால் நீராவி வீணாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1 மீட்டர் ஆழத்துக்கு 0.1 பார் எதிரழுத்தம் உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று: நீராவியும் தண்ணீராகி அந்தத் தொட்டியிலேயே சேர்கிறது. 87 கிலோ நீராவி, சூட்டில் விரிவதும் சேர்த்தால், 1,000 லிட்டர் ஏறக்குறைய 1,115 லிட்டராகும். விளிம்புவரை நிரப்பிவிட்டுத் திறந்தால் கொதிநீர் வழியும்.

தண்ணீர் நகர வேண்டும்

துளைகளைச் சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் சூடாகி, மற்றது ஆறியே கிடந்தால் குமிழ்கள் ஒழுங்கில்லாமல் வளரும், திடீர் திடீரென நசுங்கும். ஒரு சின்னப் பம்பு வைத்துத் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டாலே சத்தத்தில் வித்தியாசம் தெரியும்.

துளைக்குழாய்க்குப் பதில் நாசில் வகை இன்ஜெக்டர்களும் உண்டு. நீராவி பாயும் வேகம் சுற்றியுள்ள தண்ணீரைத் தானே இழுத்து, உள்ளேயே கலந்து, முன்னால் தள்ளும். ஹென்றி கிஃபார் 1858-ல் பாய்லருக்குத் தண்ணீர் செலுத்தக் கண்டுபிடித்த இன்ஜெக்டரின் தத்துவம்தான் இதற்கும். நன்றாகக் கலக்கும், விலைக்கேற்ற வேலை செய்யும். ஆனால் அதன் வாய்க்கு எதிரே சுவர் வரக் கூடாது, தொட்டியின் நீளவாக்கில் பார்த்து மாட்டுங்கள்.

சிலவகை நாசிலில் சிறிது காற்று இழுக்க ஒரு வாயில் இருக்கும். காற்று குளிர்ந்து சுருங்காது அல்லவா? குமிழுக்குள் கொஞ்சம் காற்று இருந்தால் அது மெத்தைபோல நின்று நசுங்குவதை மென்மையாக்கும். ஊசி வால்வைக் கால் திருப்பு திறந்தாலே போதும், உறுமல் தணிவது காதுக்குத் தெரியும். காற்றில் உள்ள ஆக்சிஜன் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் பாய்லருக்குப் போகும் தண்ணீரில் இந்த வழி வேண்டாம். நுரைக்கும் தண்ணீரிலும் வேண்டாம்.

சூடு நெருங்கும்போது வரும் அடி

கட்டுப்பாட்டு வால்வு, வேண்டிய சூட்டை நெருங்கியதும் நீராவியைக் குறைத்துக்கொண்டே போகும். 174 கிலோவுக்குப் போட்ட துளைகளில் 20 கிலோ மட்டும் வந்தால் துளைக்குழாய்க்குள் அழுத்தம் நிற்காது, தண்ணீர் உள்ளே நுழைந்து விளையாட ஆரம்பிக்கும். இதற்கு எளிய வழி, வால்வை அவ்வளவு குறைவாகத் திறக்கவே விடாமல் இருப்பது. குறைந்தபட்சத் திறப்பு ஒன்றை வைத்து, அதற்குக் கீழே போக வேண்டியிருந்தால் முழுக்க மூடிவிடும்படி அமையுங்கள். ஓரிரு டிகிரி இறங்கிய பிறகு மறுபடி திறக்கட்டும். சூட்டை மிகத் துல்லியமாகப் பிடித்துவைக்க வேண்டிய வேலை என்றால், பெரியது ஒன்று சிறியது ஒன்று என இரண்டு துளைக்குழாய் வைத்து, கடைசிக் கட்டத்தில் சிறியதை மட்டும் ஓட்டலாம்.

80 டிகிரிக்கு மேலே போகப் போகக் குமிழ்கள் குளிர நேரம் எடுக்கும், பெரிதாகும். 90-ஐத் தாண்ட வேண்டிய தேவை உண்மையில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் யாரோ எப்போதோ வைத்த எண்ணை அப்படியே வைத்திருப்பார்கள்.

பிடிப்பு

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகுதான் இந்த வேலை. முதலிலேயே கிளாம்பை இறுக்கினால் அடி வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

துளைக்குழாயின் ஒரு முனையை அடியில் உறுதியாகப் பிடியுங்கள். மறுமுனை ஒரு வளையத்துக்குள் நீளவாக்கில் நகரட்டும், மேலும் கீழும் அசையக் கூடாது. இரும்புக் குழாய் 1 மீட்டருக்கு 100 டிகிரிச் சூட்டில் 1.2 மி.மீ. நீளும். 6 மீட்டர் வரும் குழாய், ஆறிய நிலையிலிருந்து 3 பார் நீராவியின் 143 டிகிரிக்குப் போகும்போது 8 மி.மீ. நீண்டுவிடும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் அந்த 8 மி.மீ. எங்கே போகும்? வெல்டைத்தான் தேடும்.

தொட்டியின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம், சூடு ஏறும் முன்பு. நடுவில் அதிகமாகத் துடித்தால் வெளிப்பக்கம் ஒரு ஆங்கிள் பட்டையைப் பற்றவையுங்கள். தொட்டிக்குக் கீழே ரப்பர் திண்டு வைத்தால் தரைக்குப் போகும் அதிர்வு குறையும். சூடு தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும், நிரம்பிய தொட்டியின் எடைக்கு ஏற்ற திண்டாகவும் இருக்க வேண்டும்.

சுருள் குழாய் உள்ளவர்களுக்கு

சுருளில் நீராவியும் தண்ணீரும் கலப்பதில்லை என்பதால் இயல்பிலேயே சத்தம் குறைவு. அடி விழுந்தால் பெரும்பாலும் சுருளுக்குள் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. டிராப் சுருளின் வாய்க்குக் கீழே இருக்கிறதா, டிராப்புக்குப் பின் குழாய் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். சூட்டுக் கட்டுப்பாட்டு வால்வு குறையும்போது சுருளில் அழுத்தமே இருக்காது, அந்தத் தண்ணீரை மேலே தள்ள எதுவும் இல்லை. தாழ்வாக வடியவிட்டுப் பம்பு வைத்துத் தூக்குவதே சரியான வழி. சத்தமே கூடாது, தண்ணீரில் நீராவி கலக்கவும் கூடாது என்றால் சுருளுக்கோ தகட்டு வெப்பமாற்றிக்கோ மாறிவிடுவது நல்லது.

முதல் முறை திறப்பது

எல்லாம் மாட்டி முடிந்தது. முதலில் டிராப்புக்குப் பக்கத்தில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து, குழாயில் உள்ள தண்ணீரை விடுங்கள். பிரதான வால்வை ஒரு நூலளவு திறந்து நில்லுங்கள். குழாய் சூடாகட்டும், வடிகாலில் தண்ணீர் நின்று ஆவி மட்டும் வரட்டும். இதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும், அவசரமே வேண்டாம். அப்புறம் வடிகாலை மூடி, பிரதான வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கத் திறந்து, கடைசியாகக் கட்டுப்பாட்டு வால்வுக்கு வாருங்கள். முகத்தைத் தொட்டியின் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். முகக்கவசமும் நீளக் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகவே வேண்டாம்.

நடுவில் 'டங்' என்று ஒரே ஒரு அடி கேட்டாலும் திறப்பதை நிறுத்துங்கள். "இன்னும் திறந்தால் தள்ளிக்கொண்டு போய்விடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நிதானமாக மூடி, ஆறவிட்டு, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள்.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பதைக் காதுக்கான எல்லையாகப் பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். போனில் உள்ள அளவிகூட ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். மாற்றுவதற்கு முன் ஒரு அளவு, மாற்றிய பின் ஒரு அளவு, இரண்டும் ஒரே இடத்தில் நின்று, ஒரே சூட்டில் எடுக்க வேண்டும். அந்தத் தாளைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்துச் சத்தம் மெல்லக் கூடியிருந்தால் துளைகளில் உப்புப் படிந்திருக்கும் அல்லது வேக்குவம் பிரேக்கர் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டியை ஆறவைத்து, வடித்து, துளைக்குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 18 துளை வழியாகவும், முனையில் உள்ள வடிதுளை வழியாகவும் வெளிச்சம் தெரிய வேண்டும்.